சொந்தக்காரர் இல்லாத பதினைந்து வருடங்கள்

முன்னொரு காலத்தில் ஒரு பெரிய ஏரியும் ஒரு குள்ள அரசரும் இருந்தார்கள். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அரசர் கனகவளவர் உயரத்தில்தான் குறைவு, ஆசையில் குறைவே இல்லை. ஒரு வாரம் பட்டத்து யானைக்குக் கோலாட்டம் கற்றுக்கொடுத்தார். மறுவாரம் அரண்மனைச் சமையல்காரர்கள் பாடிக்கொண்டேதான் சமைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மூன்று நாள் குழம்பில் உப்பே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் ஏரியில் படகு விடும் ஆசை வந்தது. கூடவே விகடகவி அம்பலக்கூத்தனும் ஏறிக்கொண்டான். கூத்தனுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதனால் படகின் நடுவில் சம்மணம் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, அரசரைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தான்.

கிழக்குக் கரையில் ஆறு இளைஞர்கள் கூடை கூடையாக மண் கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முன்னால் நின்று வேலை வாங்கியது உமையாள் என்ற பெண். எல்லோருக்கும் இருபது வயதிருக்கும். அரசர் படகை நிறுத்தச் சொன்னார்.

"யார் உத்தரவில் இதைச் செய்கிறீர்கள்?"

"யாரும் உத்தரவு போடலைங்க மகாராசா," என்றாள் உமையாள், கையில் இருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே. "கரையில தண்ணி கசியுது. மூணு வருசமா ஏரிச் சபையில போய்க் கேக்கறோம். அடுத்த பௌர்ணமிக்குப் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடறாங்க. ஐப்பசி மழை பௌர்ணமி பாத்தா வரும்? கரை உடைஞ்சா மொதல்ல போறது எங்க கீழக்கரை நாப்பது வீடும்தான். ஆறு பேரு கூடையால அடைக்கிற ஓட்டையா இது? ஊரே சேரணும். ஊரைக் கூப்பிட சபையாலதான் முடியும்."

அரசருக்கு அங்கேயே அடுத்த ஆசை பிறந்துவிட்டது. படகில் துள்ளி எழுந்தார். கூத்தன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"இன்று முதல் ஏரிச் சபையில் இளைஞர்களும் உட்காரட்டும்!"

அந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய சபை. இறந்துபோன ஆறு பேருக்குப் பதில் யாரையும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்த ஆறு பேரும் பௌர்ணமிதோறும் கூடுவார்கள், வெற்றிலை போடுவார்கள், தூங்குவார்கள். தலையசைத்தால் சம்மதம் என்பது வழக்கம். தூக்கத்தில் தலை சரிந்தாலும் அது சம்மதக் கணக்கில்தான் சேரும். இப்படித்தான் ஒரு முறை, ஏரி மீன்களுக்குத் தாலாட்டுப் பாட ஆள் வைப்பதென்று ஏகமனதாக முடிவாகிவிட்டது.

சபைத் தலைவர் நெடுங்கண்டனார் அரசவையிலும் அரசருக்கு வலப்பக்கம் உட்காருபவர். அவர் பேசினால் அரசர் கொட்டாவி விடுவார், கூத்தன் பேசினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே கூத்தனைக் கண்டால் நெடுங்கண்டனாருக்கு ஆகாது.

மறுநாள் அவையில் நெடுங்கண்டனார் எழுந்து வணங்கினார்.

"அரசே, சபை மண்டபத்துக் கல்லில் தங்கள் முன்னோர் வெட்டிவைத்த விதி இருக்கிறது. முப்பத்தைந்து வயது நிறைந்தவரும் எழுபது நிறையாதவருமே சபையில் அமரலாம். அந்தக் கல்லில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை என்று முடிசூட்டு நாளில் தாங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள்."

அரசரின் முகம் வாடிவிட்டது. பொம்மையைப் பிடுங்கிய குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். இதுதான் சமயம் என்று நெடுங்கண்டனார் மெல்லக் கனைத்தார்.

"ஆனால் நம் விகடகவிக்கு முடியாதது ஏது? கல்லைத் தொடாமல், இருபது வயதுக்காரர்களை முப்பத்தைந்து வயதாக்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

போட்டி என்றதும் அரசர் கைதட்டினார். "ஆகா! கூத்தா, ஐந்து நாள் தவணை. செய்து காட்டினால் கேட்ட பரிசு. இல்லையென்றால் எல்லை வரை நானே வந்து வழியனுப்புவேன்!"

"வழியனுப்புகிறவர் அரசர் என்றால் போவதற்கே ஆசையாக இருக்கிறது," என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே வந்தான் கூத்தன். ஐந்து நாளில் பதினைந்து வருடத்துக்கு எங்கே போவது? வாசலில் உமையாளும் மற்ற ஐந்து பேரும் நின்றிருந்தார்கள்.

"முடியுமாண்ணே?" என்றாள் உமையாள்.

"முடியும் தாயி, முடியும். எப்படின்னு மட்டும் என்கிட்ட இப்ப கேக்காதே."

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் கடைவீதியில், பட்டுக் கடை வாசலில் ஒரு குரல் கேட்டது. நெடுங்கண்டனாரின் மனைவி பெரியநாயகி கடைக்காரரிடம் பொருமிக்கொண்டிருந்தாள்.

"எண்பதாம் கல்யாணத்துக்குன்னு உங்க கடையிலதான் பட்டு எடுத்தேன். நாலு வருசமாச்சு, மடிப்புக் கலையாம பெட்டியிலயே கெடக்கு. பேச்செடுத்தாலே சீறி விழறாரு. எனக்கு இன்னும் அறுபத்தொன்பதுதான்டிங்கறாரு! அறுபத்தொன்பதாம். என் மூத்த மகனுக்கே அறுபது ஆச்சு!"

கூத்தன் கடைவீதியின் நடுவிலேயே ஒரு குதி குதித்தான். எதிரே வந்த கழுதை மிரண்டு ஓடியது. நேராகச் சபை மண்டபத்துக்கு ஓடி, ஏட்டுச் சுவடிகளை எடுத்துப் புரட்டினான். ஒவ்வொரு தை முதல் நாளும் சபையார் தங்கள் வயதைச் சொல்லி எழுதிவைப்பது அந்த ஊர் வழக்கம். புரட்டப் புரட்ட அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் சபை மண்டபத்தில் ஊரே கூடிவிட்டது. அரசர் அவசரமாக வந்ததில் மகுடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆறு இளைஞர்களும் வரிசையாக நின்றார்கள். கூத்தன் கையில் ஒரு துடைப்பமும் ஒரு கூடையும் இருந்தன. யாரிடமும் பேசாமல் மண்டபத்தைப் பெருக்க ஆரம்பித்தான். சபையார் உட்கார்ந்திருந்த பாய்களைத் தூக்கி அடியில் பார்த்தான். ஒரு பெரியவரின் தலைப்பாகையைக்கூட எடுத்து உதறிப் பார்த்தான்.

"என்ன தேடுகிறாய், கூத்தா?" என்றார் அரசர்.

"பதினைந்து வருடங்களை, அரசே. இங்கேதான் எங்கோ கிடக்கின்றன. தயவுசெய்து ஏட்டை வாசிக்கச் சொல்லுங்கள்."

ஏடு வாசிப்பவர் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். "பதினைந்து வருடத்துக்கு முன், தை முதல் நாள். நெடுங்கண்டனார், வயது அறுபத்தொன்பது. மற்ற ஐவர், வயது அறுபத்தொன்பது. அடுத்த தை. நெடுங்கண்டனார், வயது அறுபத்தொன்பது. மற்ற ஐவர், அறுபத்தொன்பது. அதற்கடுத்த தை..."

ஐந்தாவது தையில் அரசருக்கு உதடு துடித்தது. ஒன்பதாவது தையில் கூட்டமே கூடச் சேர்ந்து "அறுபத்தொன்பது!" என்று கத்தியது. இந்த வருடத் தை வந்து முடிந்ததும் கூத்தன் துடைப்பத்தைக் கீழே வைத்தான்.

"அரசே, பதினைந்து தை பிறந்தது. ஊரில் ஆடு மாட்டுக்குக்கூட வயது ஏறியது. இந்த ஆறு பெரியவர்களுக்கு மட்டும் ஏறவில்லை. ஏடு பொய் சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் இவர்களைத் தேடி வந்த வருடங்களை இவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. ஐயா நெடுங்கண்டனாரே, அந்தப் பதினைந்து வருடம் உங்களுடையதா, இல்லையா?"

நெடுங்கண்டனார் எழுந்தார். "என்னுடையது" என்றால் வயது எண்பத்து நான்கு, இந்த நிமிடமே இடம் காலி. அவர் இடப்பக்கம் பார்த்தார். ஐந்து பெரியவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாகச் சபையில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.

"இல்லை," என்றார்.

"மற்றவர்கள்?"

"எங்களுடையதும் இல்லை."

கூத்தன் அரசர் பக்கம் திரும்பி, கூடையை அவர் காலடியில் வைத்தான். "சொந்தக்காரர் இல்லாத பொருள் அரசருக்குச் சேரும் என்பது இந்த நாட்டுச் சட்டம். இதோ, ஆளுக்குப் பதினைந்து வருடம், ஆறு பங்கு. தாங்கள் விரும்பியவருக்குக் கொடுக்கலாம்."

அரசர் ஒரு கணம் காலிக் கூடையைப் பார்த்தார். அடுத்த கணம் இறங்கி ஓடிவந்து, கூடையைத் தூக்கி ஒவ்வோர் இளைஞர் தலையிலும் கவிழ்த்தார். "இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து! உனக்கும் முப்பத்தைந்து! உனக்கும்! உட்காருங்கள், உட்காருங்கள்!"

ஆறு பேரும் காலியாகக் கிடந்த ஆறு பாய்களில் உட்கார்ந்தார்கள். சனங்கள் போட்ட கூச்சலில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. அந்தக் கூச்சலையும் தாண்டி ஒரு குரல் வந்தது.

"அப்ப இவருக்கு நெசமாவே அறுபத்தொன்பதுதானா?" என்று தலையில் கையை வைத்தாள் பெரியநாயகி. "எண்பதாம் கல்யாணத்துக்கு நான் இன்னும் பதினோரு வருசம் காத்துக் கெடக்கணுமா?"

கூத்தனுக்கு உயிர் திரும்பி வந்தது. நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தான். அப்போது உமையாள் எழுந்து நின்றாள். இனி நடந்தது கூத்தன் சொல்லிக்கொடுத்தது இல்லை. இதை அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"சபைக்கு ஒரு கோரிக்கைங்க. நாளைக்கே கரையைப் பலப்படுத்தணும்."

"அடுத்த பௌர்ணமிக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார் நெடுங்கண்டனார்.

ஐந்து இளைஞர்கள் தலையசைத்தார்கள். பெரியவர்களில் ஒருவர், இத்தனை நேரம் விழித்திருந்த அசதியில், தலை சரிந்து தூங்கிப்போனார்.

"ஏழு பேர் சம்மதம்," என்று எழுதிக்கொண்டார் ஏடு வாசிப்பவர்.

"இன்னொண்ணுங்க," என்றாள் உமையாள். "கரை வேலைன்னு வந்துட்டா, எழுபது நெறையாத எல்லாரும் ஆளுக்கு நூறு கூடை மண் சொமக்கணும்னு நம்ம ஊரு வழக்கம். அதுல யாருக்கும் விலக்கு இல்லை. சபையில இருக்கறவங்கதான் மொதக் கூடை எடுக்கணும்."

நெடுங்கண்டனார் உட்காரப் போனவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். தாரை தப்பட்டை முழங்கியது. அரசர் குடையும் இல்லாமல் வந்து நின்றுவிட்டார். உமையாள் எல்லோருக்கும் கூடை கொடுத்தாள். நெடுங்கண்டனாரின் தலையில் அவளே துணியைச் சுருட்டி வைத்து, பாதிக் கூடைதான் நிரப்பித் தூக்கிவிட்டாள். ஒரு கூடை சுமந்தார். இரண்டு சுமந்தார். மூன்றாவது கூடையில் கரையின் சரிவிலேயே பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"எண்பத்து நாலு!" என்று அலறினார். "ஐயோ, எனக்கு எண்பத்து நாலு! தை மாசம் பொறந்தா எண்பத்தஞ்சு!"

"எனக்கும்!" "எனக்கும் எண்பத்து நாலு!" என்று கரை நெடுகக் கூடைகள் விழுந்தன.

பெரியநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து புருஷனின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "சொல்லிட்டீங்களே, மகராசனா சொல்லிட்டீங்களே!"

கூத்தன் மட்டும் தாடையைத் தடவினான். "ஆனால் ஐயா, உங்கள் பதினைந்து வருடத்தை அரசர் தானமாகக் கொடுத்துவிட்டாரே! தானம் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமா?"

பதில் சொன்னது உமையாள்தான்.

"எங்களுக்கு மூணு வருசம் போதுங்க. அதுக்கப்புறம் நாங்களும் எறங்கிடறோம், வேற ஆளு வரட்டும். இல்லாட்டி எங்களுக்கும் வயசு நின்னுபோயிடும். எறங்கும்போது இந்த வருசங்களைத் திருப்பி வச்சிடறோம். அதுக்கு நடுவுல ஐயாவுக்கு ஒரு நாள் இரவலாத் தர்றேன். எண்பதாம் கல்யாணத்தை நல்லபடியா முடிச்சுக்கட்டும்."

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். மகுடம் கழன்று சரிவில் உருண்டு ஏரிக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சிரித்துச் சிரித்து நெடுங்கண்டனாரின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நெடுங்கண்டனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு தன் வயதை வாய்விட்டுச் சொன்னதில் மனுஷருக்கு உடம்பே லேசாகிவிட்டதாம்.

"கூத்தா, என்ன பரிசு வேண்டும், கேள்!" என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அரசே, வயதை வரவழைத்தது மட்டும்தான் நான். உண்மையை வரவழைத்தது இந்தப் பெண். பரிசை அவளிடம் கொடுங்கள்."

"எனக்கு எதுக்குங்க பரிசு?" என்றாள் உமையாள். "மகாராசாவுக்கு என்ன வயசுங்க?"

"நாற்பத்தாறு. ஏன்?"

உமையாள் ஒரு கூடையை எடுத்து நிறைய மண் போட்டு அரசர் முன்னால் வைத்தாள். அரசர் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முண்டாசு கட்டிக்கொண்டார். இரண்டாவது முறையாக, முன்பைவிட உரக்கச் சிரித்துக்கொண்டே, தன் முத்து மாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டுவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

நூறு கூடையும் சுமந்தார் என்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஏரி விளிம்பு வரை ததும்பி நின்றது. கரை அசையவில்லை. கீழக்கரையின் நாற்பது வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரிந்தது.