கடலூர் வரைக்கும் போன ட்ரோன்

காலை ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் யாரும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கவில்லை. கேன்டீனில் இரண்டாவது டீ ஓடிக்கொண்டிருந்தது. குழிக்குள் எவ்வளவு வாயு கசிகிறது என்று ட்ரோன் பறந்து அளந்து சொன்னால்தான் இறங்கலாம். அதை ஓட்டும் கலியமூர்த்தியோ வெறும் ரிமோட்டோடு வந்து நின்றான். மச்சானிடம் போனில் தன் பெருமையை அளந்துகொண்டே ஓட்டியதில் ட்ரோன் எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கே என்று அவனுக்கே தெரியாது. பாதுகாப்பு அதிகாரி அஞ்சலாட்சிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

ட்ரோன் எங்கே என்று டம்பர் லாரி ஓட்டும் ராசாங்கம் கேட்டார்.

"கடலூர்ப் பக்கம் போயிருக்குண்ணே." வாய் முந்திக்கொண்டது. இனி அதை யார் நிறுத்துவது?

மேலே ஏறியதுமே மீட்டர் முள் துடித்ததாம். வாயு குழியிலிருந்து வரவில்லையாம். ரோட்டில் நகர்ந்து போனதாம். துரத்திப் பார்த்தால் முன்னால் போனது ராசாங்கத்தின் டம்பர்.

"ராத்திரி மொச்சைக்கொட்டைக் குழம்புன்னு மிஷினே எழுதிக் காட்டுதுண்ணே. மூணு தடவை சாப்பாடு வாங்கியிருக்கீங்க."

கேன்டீனே சிரித்தது. ராசாங்கம் டீயைக் கீழே வைத்தார். "ரெண்டு தடவைதாண்டா" என்றார்.

அந்த வாயுவைக் குடித்த ட்ரோன் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டதாம். அப்புறம் பேட்டரி எதற்கு? மிதந்தே கடலூர் போய்ச் சேர்ந்ததாம். துறைமுகத்தில் நின்ற கப்பலையெல்லாம் மோந்து பார்த்து, எவன் எவ்வளவு புகை விடுகிறான் என்று கணக்கெடுத்ததாம். அதைப் பார்த்துப் பயந்துபோன ஒரு கேப்டன் இன்ஜினை அணைத்துவிட்டு, மாலுமிகளைத் துடுப்புப் போடச் சொன்னானாம்.

"அவ்ளோ பெரிய கப்பலுக்குத் துடுப்பு எங்கடா கிடைச்சுது?" என்றார் ராசாங்கம்.

"தென்னை மட்டைண்ணே. ஆளுக்கு ரெண்டு."

அதற்கும் மேலே போய் மேகத்துக்குள் மூக்கை நுழைத்ததாம். மேகம் தும்மியதில் பண்ருட்டியில் பலாப்பழமெல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்ததாம். சொல்லச் சொல்லக் கலியமூர்த்திக்கே அது நடந்தது போலத்தான் இருந்தது. முதுகில் வழிந்த வேர்வை மட்டும் நிற்கவில்லை.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. திரும்பிப் பார்த்தான். வாசலில் அஞ்சலாட்சி நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"பம்ப் ஹவுஸ்லேர்ந்து போன் வந்துச்சு. உங்க ட்ரோன் குழிக்கு வெளியே பள்ளத்துல தேங்கின தண்ணியில கவுந்து கிடக்காம்."

எல்லாரும் கலியமூர்த்தியைப் பார்த்தார்கள். அவன் வாட்சைப் பார்த்தான்.

"அதுக்குள்ள திரும்பிடுச்சா மேடம்? சாயங்காலம் ஆவும்னுல்ல நினைச்சேன்."

அஞ்சலாட்சி தலையாட்டினார்.

"அவ்ளோ தூரம் போயிட்டு வந்த அசதி இருக்கும், பாவம். அதால ஏற முடியாது. நீங்களே தண்ணியில இறங்கித் தூக்கிட்டு வாங்க."