கரும்பலகை மலைகள்

வேதாரண்யத்தை அடுத்த பள்ளியொன்றில் ஓவியப் போட்டி நடந்தது. 'எங்கள் ஊர்' என்பது தலைப்பு. தலைமையாசிரியர் மாசிலாமணி கரும்பலகையில் இரண்டு மலைகளையும் இடையில் சூரியனையும் வரைந்தார்.

"அப்படியே இதைப் போலவே வரையணும். ஆனா, சொந்தக் கற்பனையா இருக்கணும். மாறினா மாவட்டப் போட்டிக்குப் பேரு போகாது."

மாவட்டப் போட்டிக்காக ஏங்கியிருந்த தமயந்தி எழுந்தாள். "நம்ம ஊர்ல மலையே இல்லையே சார்?"

"வாயை மூடிக்கிட்டு வரைம்மா."

நடுவராக வந்த அதிகாரி, ஒரே மாதிரியான படங்களைப் புரட்டி, தமயந்தியின் படம் வந்ததும் நிறுத்தினார். அதில் மலைகள் கரும்பலகையில் இருந்தன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தனர். சன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெளுத்துக் கிடந்தன.

"சார் சொன்ன மலையும் இருக்கு, நம்ம ஊரும் இருக்கு சார்" என்றாள்.

அதிகாரி சிரித்தார். அவளே மாவட்டப் போட்டிக்குச் சென்றாள்.

மறு ஆண்டு மாசிலாமணி அவளுடைய படத்தையே கரும்பலகையில் வரைந்து, "இதைப் போலவே வரையணும்" என்றார். தமயந்தியும் தன் படத்தையே பார்த்து வரைந்தாள்.