அரண்மனைக்கு ஓர் அகலப்பட்டை

செம்மலை நாட்டை எந்த வரைபடத்திலும் தேடாதீர்கள். தேடினாலும் திரையில் அந்த வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே நெட் அப்படி.

அந்த நாட்டு ராஜா செம்மலைராயருக்குக் கபடி என்றால் உயிர். போன வெள்ளிக்கிழமை அரையிறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமம். கடைசி ரெய்டு. பாடிப்போனவன் கோட்டைத் தாண்டினான், காலை நீட்டினான், நீட்டிய கால் அப்படியே நின்றுவிட்டது. திரை நடுவில் வட்டம் சுற்றியது. ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வட்டம் மறைந்தபோது ஒருவனைத் தோளில் தூக்கிவைத்து எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தது யார் என்று பார்ப்பதற்குள் மறுபடி வட்டம்.

மறுநாள் சபையில் ராஜா சிரிக்கவே இல்லை.

"இடும்பா," என்று ஆஸ்தானப் புலவனைக் கூப்பிட்டார். "இந்தச் சபையிலேயே நீதானே புத்திசாலி? அரண்மனைக்கு நல்ல அகலப்பட்டை இணைப்பாக ஒன்றைத் தேர்ந்தெடு. புதன்கிழமை சாயங்காலம் இறுதிப் போட்டி. வட்டம் ஒரு தடவை சுற்றினாலும் உன் பதவி போச்சு."

ஊரெல்லாம் பிராட்பேண்ட் என்றாலும் சபையில் அகலப்பட்டை என்றுதான் சொல்வார்கள். சபை மரியாதை.

இடும்பன் வாயைத் திறப்பதற்குள் மந்திரி பூவராகன் எழுந்தார். அவருக்கு இடும்பனைக் கண்டாலே ஆகாது.

"இதற்கு எதற்குப் பிரபு தேடல்? என் மைத்துனன் கோதண்டன் 'வாயுவேகம்' என்று கம்பெனி நடத்துகிறான். நோட்டீஸைப் பாருங்கள். நொடிக்கு ஆயிரம் எம்.பி. வரை. இதைவிட நல்லது இருந்தால் இடும்பன் காட்டட்டும்."

வாயுவேகத்தின் வேகம் இடும்பனுக்குத் தெரியும். இரண்டு மாதமாக அவன் வீட்டில் அதுதான். ஆயிரம் என்ற பெரிய எழுத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் கடுகளவு எழுத்தில் 'வரை' இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. சாயங்காலம் தெருவே படம் பார்க்க உட்காரும் நேரத்தில் அந்த ஆயிரத்தில் ஆறோ ஏழோதான் மிஞ்சும்.

இதைச் சபையில் சொன்னால் காரியம் முடிந்தது. ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? புத்திசாலி என்று பேர் வாங்கியவன், நோட்டீஸ் படிக்கத் தெரியாமல் ஏமாந்தேன் என்பதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. "புதன்கிழமை சொல்கிறேன், பிரபு," என்று நழுவினான்.

வீட்டில் அவன் மனைவி வடிவு விட்டாளா?

"அடுத்தவங்க வெண்பாவுல தளை தட்டினா தூக்கத்துலகூடக் கண்டுபிடிப்பீங்க. இந்த ரெண்டெழுத்து மட்டும் கண்ணுல படலையாக்கும்," என்றாள். "வீடியோவப் பார்த்து வாழைப்பூ வடை போட்டேன். 'இப்போ என்ன பண்ணணும்னா'ன்னு அந்தம்மா சொன்னாங்க, வட்டம் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. அது நிக்கிறதுக்குள்ள வடை கருகிப்போச்சு."

அந்த வடையைத் தின்றவனே இடும்பன்தான். ஆனால் ரெண்டெழுத்து, ரெண்டெழுத்து என்று அவள் இடித்த இடியில் ஒரு யோசனை பிறந்தது.

புதன்கிழமை காலை மந்திரிக்கும் மைத்துனனுக்கும் அழைப்பு போயிற்று. 'இன்று மதியம் அரண்மனையில் விருந்து. இருபத்தோரு வகைப் பதார்த்தங்கள் வரை பரிமாறப்படும். இப்படிக்கு, இடும்பன்.' இருவரும் காலைப் பலகாரத்தைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ராஜாவும் வந்தார்.

தலைவாழை இலை விழுந்தது. ஓரத்தில் சிட்டிகை உப்பு வைத்தார்கள். பரிமாறுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

கோதண்டன் சற்றுப் பொறுத்துப் பார்த்தான். "மற்றதெல்லாம் எப்போது வரும்?"

"பரிமாறி ஆயிற்றே," என்றான் இடும்பன்.

"இருபத்தோரு வகை என்று எழுதியிருந்தீரே?"

"இருபத்தோரு வகை வரை என்று எழுதியிருந்தேன். உப்பு ஒரு வகை. இருபத்தொன்றுக்குள் ஒன்று அடக்கம்தானே?"

கோதண்டன் ராஜாவிடம் திரும்பினான். "இது அநியாயம், பிரபு. வரை என்று எழுதினால் அவ்வளவும் கிடைக்கும் என்றுதானே எவனும் நம்புவான்?"

"நம்புவான், நம்புவான்," என்றான் இடும்பன். அதை அவனைவிட யார் அழுத்திச் சொல்ல முடியும்? பிறகு வாயுவேகத்தின் நோட்டீஸையும் ஒரு பேனாவையும் கோதண்டன் பக்கம் நகர்த்தினான். "அப்படியென்றால் சிரமமே இல்லை. இதில் 'வரை'யை அடித்துவிட்டு 'குறையாமல்' என்று எழுதிக் கொடும். மீதி இருபது வகையும் இலைக்கு வந்துவிடும்."

சமையற்கட்டிலிருந்து நெய் வாசனை வந்தது. கோதண்டன் பேனாவை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

"சாயங்காலத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பார்ப்பார்கள், பிரபு. அப்போது கொஞ்சம் இறங்கும். விடியற்காலையில் பார்த்தால் சில நாள் ஆயிரத்தைத் தொடும்..."

"கபடி விடியற்காலையிலா நடக்கிறது?" என்றார் ராஜா.

மந்திரி உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளியைப் பசியோடு அனுப்பக் கூடாது என்று ராஜா சொன்னதால் இருபது வகையும் பின்னாலேயே வந்தன. மைத்துனன் நன்றாகவே சாப்பிட்டான். மந்திரிக்குத்தான் இறங்கவில்லை.

இடும்பன் இன்னொரு நோட்டீஸை எடுத்தான். கடைவீதியில் ஒரு சின்னக் கம்பெனி. வெறும் நூறுதான். ஆனால் எந்த நேரமும் நூறுக்குக் குறையாமல் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் இணைப்பு வந்தது. ஆட்டம் முடியும்வரை வட்டம் தலைகாட்டவில்லை. ராஜாவுக்குப் பிடித்த அணி படுதோல்வி அடைந்தது. அதையும் அவர் தடங்கல் இல்லாமல் பார்த்தார்.

மறுநாள் சபையில் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் போட்டார். "உன் பதவியில் இனி யாரும் கை வைக்க முடியாது. நாங்கள் எல்லாரும் ஆயிரத்தைப் பார்த்தோம். நீ ஒருவன்தான் வரையைப் பார்த்தாய். உனக்கு மட்டும் எப்படியடா அந்தக் கண்?"

தலையைக் குனிந்து புகழை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்ப் புகழ் இடும்பனுக்குக் கூச்சமாக இருந்தது. மாலையைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டான்.

"கண்ணெல்லாம் ஒன்றும் இல்லை, பிரபு. இரண்டு மாதத்துக்கு முன்னால் நானும் இந்த வாயுவேகத்தாரிடம்தான் போய் அகலப்பட்டை போடச் சொன்னேன். குறை சொல்லக் கூடாது, பட்டையை அகலமாகத்தான் போட்டார்கள். என்ன, வீட்டுக்குப் போட வேண்டியதை என் நெற்றியில் நாமமாகப் போட்டுவிட்டார்கள்."