கொம்பாடிக் கோப்பின் தலைப்பெயர்

கிட்ட வந்து உட்காருங்க. கெட்டிக்காரன் ஒருத்தன் தலைகுனிஞ்ச கதை இது. சத்தமாச் சொல்ல முடியாது.

கெட்டிக்காரன் பேர் தனஞ்செயன். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த யாஸ்மின் அவனைவிட வயசில் சின்னவள். ஊர் ஊராக இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை எக்ஸ்எம்எல் என்கிற கணினிக் கோப்பாக அனுப்பும். அதையெல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது இவர்கள் வேலை. மாற்றிய கோப்பின் தலையில், உள்ளே வரும் சுருக்கப்பெயர் எந்தக் கூடத்துடையது என்று ஓர் அறிவிப்பு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கணினி முரண்டு பிடிக்கும்.

தனஞ்செயன் தனக்குத் தெரிந்த கூடங்களுக்கு மட்டும் அறிவிப்புகளை மொத்தமாக எழுதி வைத்திருந்தான். கொம்பாடியிலிருந்து புதுசாக ஒரு கோப்பு வந்தது. கணினி முரண்டு பிடித்தது. அவன் தெரிந்த கூடங்களில் ஒன்றான சஞ்சீவிக் கூடத்தின் அறிவிப்பை எடுத்து அதன் தலையில் மாட்டிவிட்டான். கணினி வாயை மூடிக்கொண்டது. அவனும் டீ குடிக்கப் போய்விட்டான்.

கொஞ்ச நாளில் கொம்பாடிக் கூடத்துக்காரி ஃபிலோமினா நேரில் யாஸ்மின் முன்னால் வந்து நின்றாள்.

"தினமும் அனுப்புறேன் மேடம். ஆஸ்பத்திரியில ஒண்ணுமே வரலைங்கிறாங்க. இனிமே உன் கூடம் வேண்டாம்னுட்டாங்க. எனக்கு வேற பொழைப்பு கிடையாது."

யாஸ்மின் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். கொம்பாடி முடிவுகளெல்லாம் சஞ்சீவியின் பேரில் போயிருந்தன. பிறகு எல்லாரையும் கூப்பிட்டாள்.

"இவங்கதான் சஞ்சீவிக் கூடத்து அம்மா."

"இல்லைங்க, நான் கொம்பாடி. ஃபிலோமினா."

"எனக்கென்னம்மா தெரியும்? தனஞ்செயன் சார்தான் அப்படிச் சொல்லியிருக்காரு."

ஃபிலோமினா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களை நான் பார்த்ததே இல்லையே தம்பி."

அவனுக்குக் காது ரெண்டும் சுட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தன் செருப்பைப் பார்த்தான்.

"நாளைக்கு இன்னொரு ஊர் வரும் மேடம்," என்றான். "எல்லார் பேரையும் முன்கூட்டியே நான் எங்கே போய்த் தெரிஞ்சுக்கிறது?"

"இந்தம்மா பேரு உங்களுக்கு இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்களே சொன்னாங்க."

"அவங்க கோப்பும் சொல்லிச்சு சார்."

தனஞ்செயன் உட்கார்ந்தான். எழுதி வைத்ததை எல்லாம் அழித்தான். வருகிற கோப்பு தன்னை யாரென்று சொல்கிறதோ, அதைப் படித்து அப்படியே புதுக் கோப்பின் தலையில் எழுதும்படி மாற்றினான். கொம்பாடிக் கோப்புகளை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான்.

அப்புறம் ஃபிலோமினாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, அவள் காதில் விழும்படியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"கொம்பாடிக் கூடத்து மேல தப்பில்லைங்க. பேரை மாத்தினது நான். என் பேர் தனஞ்செயன்."