போய்ப் படு துரை

மயிலோடைப் பாளையத்து ராஜா கம்பளராயருக்குப் பட்டம் கொடுப்பதென்றால் உயிர். புலியைக் குத்தியவனுக்கு ஒரு பட்டம், பூனையை விரட்டியவனுக்கும் ஒரு பட்டம். அப்பேர்ப்பட்டவர் சபைக்கு ஒரு வெள்ளைக்காரர் விருந்தாளியாக வந்தார். பெயர் கோட்டுபெட் துரை.

"பெயருக்கு என்ன அர்த்தம், துரை?" என்றார் ராஜா.

துரை கூச்சத்தோடு தமிழில் சொன்னார்: "போய்ப் படு."

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"எங்கள் குடும்பப் பெயர். இங்கிலாந்திலேயே அபூர்வம். எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது."

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "படுப்பதற்கு ஒரு பட்டமா! யார் கொடுத்தது? எதற்குக் கொடுத்தது?"

ஆஸ்தானக் கவி அட்டதிக்குக் கவிராயர் துள்ளி எழுந்தார். விகடன் தாண்டவனை அவருக்குக் கண்டாலே ஆகாது. "தாண்டவன் சொல்லட்டும், மகாராஜா! பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் அவன் வேலையை என் மைத்துனனுக்குக் கொடுங்கள்."

"ஆகட்டும்" என்றுவிட்டார் ராஜா.

பாவம் தாண்டவன், வீடு நிறையப் பிள்ளைகள். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், "வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள், மகாராஜா. கண்ணால் காட்டுகிறேன். கவிராயர் உங்கள்மேல் எழுதிய காவியத்தைக் கொஞ்சம் பாடட்டும்" என்றான்.

கவிராயருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ராஜாவின் மீசையில் இடது பக்கத்தை வர்ணித்து முடிப்பதற்குள் துரை தூணில் சாய்ந்தார். மந்திரி தளபதியின் தோளில் சாய்ந்தார். சிம்மாசனத்திலிருந்தோ முதல் அடியிலேயே குறட்டை கிளம்பியிருந்தது.

தாண்டவன் ஓங்கி ஒரு தும்மல் போட்டான். ராஜா திடுக்கிட்டு விழித்தார்.

"பார்த்தீர்களா, மகாராஜா? துரையின் முப்பாட்டனும் இப்படி ஒரு கவிராயரிடம் மாட்டியவர்தான். அவர் தூங்கி வழிவதைப் பார்த்து, அந்த ஊர் ராஜா மனமிரங்கி, 'போய்ப் படு' என்றார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது."

"சுத்தப் புளுகு!" என்று கத்தினார் கவிராயர். "நான் எத்தனை வருஷமாகப் பாடுகிறேன்! இந்தச் சபையில் ஒருவனுக்காவது அந்தப் பெயர் உண்டா?"

தாண்டவன் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

"எப்படி வரும், கவிராயரே? 'போய்ப் படு' என்று சொல்ல வேண்டியவர் ராஜா. நீங்கள் வாயைத் திறந்ததும் முதலில் தூங்குகிறவரே அவர்தானே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். அந்தச் சத்தத்தில் விழித்த துரை, காவியம் முடிந்துவிட்டதென்று நினைத்துப் பலமாகக் கை தட்டினார்.