காப்பு கட்டாத ஒரு கை

ஒரு ஊர்ல ஒரு தேர் இருந்துச்சு. ஊரு சின்னது, தேரு பெரிசு. அது தெருவுல வந்துச்சுன்னா ரெண்டு பக்கமும் கூரை ஓலை சரசரன்னு உரசும், கோழியெல்லாம் கெக்கெக்கேன்னு சிதறி ஓடும்...

– அத்தை, நான் கேட்டதுக்கு முதல்ல சொல்லு.

என்னடி கேட்ட?

– என்கூடப் படிக்கிற தர்ஷினி சொல்றா, காப்பு கட்டாதவங்க நல்லவங்க இல்லையாம். எங்கப்பா கோயிலுக்கும் வரல, காப்பும் கட்டல. நாளைக்குத் தேர்ல எல்லாரும் பாப்பாங்களே.

அதைத்தாண்டி கோதை, கதையாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். மெதுவாப் பேசு, உங்கப்பன் அதுக்குள்ள குறட்டை விட ஆரம்பிச்சுட்டான். தலையைச் சரியா வச்சுக்க. ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுடும்.

– ம்.

அந்த ஊரு முத்தாலம்மனுக்கு வருஷம் ஒரு தடவை திருவிழா. முதல் நாளே ஊர்ல எல்லார் கையிலயும் மஞ்சக் கயித்துல காப்பு கட்டிடுவாங்க. கட்டியாச்சுன்னா தேர் ஓடி, மறுபடி தன்னோட நிலைக்கு வந்து நிக்கிற வரைக்கும் எவரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையில ஒரு கல்லு. கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடியில ஆறு. தாண்டினா ஊருக்கே ஆகாதுன்னு எல்லாருக்கும் பயம்.

அந்த ஊர்ல காப்பு கட்டாத ஆளு ஒருத்தன்தான். பேரு தவசி. வாத்து மேய்க்கிறவன். நாப்பது வாத்து. அவன் போனா பின்னாடியே குவாக் குவாக் குவாக்னு ஒரு ஊர்வலம் போகும்.

பூசாரி ஒரு நாள் அவனைப் பிடிச்சுக் கேட்டாரு. "ஏண்டா தவசி, ஒரு நாளாவது கோயிலுக்கு வந்து கண்ணை மூடிக் கும்பிட்டா என்ன?"

"மூடிப் பாத்தேன் சாமி. வாத்துதான் வருது."

– ஹிஹி.

சிரிக்காத, தூக்கம் போயிடும். பூசாரிக்குச் சிரிப்பு வரல, கோவம் வந்துச்சு. "நம்பிக்கை இல்லாதவன் ஊருக்குள்ள இருந்தா திருவிழா எப்படி நல்லபடியா நடக்கும்? தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் நீ எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இரு"ன்னுட்டாரு. வருஷா வருஷம் இதே கதைதான். ஊரே கொட்டும் மேளமுமா இருக்கும். தவசி மட்டும் ஆத்தங்கரையில வாத்துகளோட உக்காந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே அவல் தின்னுவான்.

– பாவம்.

பாவந்தான். அப்புறம் என்னாச்சுன்னா, அந்த வருஷம் தேருக்கு முந்தின நாள், உச்சி வெயில் நேரம். பூசாரியோட மக செண்பகம், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தா. பத்து நாள் கழிச்சு வர வேண்டிய வலி அன்னிக்கே வந்துடுச்சு. உள்ளூர்ப் பொம்பளைங்க பாத்துட்டு, "புள்ளை திரும்பிக் கிடக்கு. இது நம்மால ஆகாது. மருத்துவச்சி சிலம்பாயி வந்தாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்"னுட்டாங்க. சிலம்பாயி எங்க இருக்கா? ஆத்துக்கு அக்கரையில!

யாரு போறது? பூசாரி தன் கையைப் பாத்தாரு. காப்பு. நாட்டாமையைப் பாத்தாரு. நாட்டாமை மெதுவாக் கையைத் தூக்கிக் காமிச்சாரு, காப்பு. அப்போ வீரணன்னு ஒரு பயில்வான், அவனைப் பாத்தாரு. அவன், "எனக்கு ரெண்டு கையிலயும் கட்டிவிட்டுட்டீங்களே சாமி"ன்னான்.

ஊர்ல அத்தனை கையிலயும் மஞ்சக் கயிறு. வெறுங்கை எங்க இருக்கு?

– எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்!

கெட்டிக்காரி. பூசாரி விழுந்தடிச்சு ஓடினாரு. கல்லுக்கு இந்தப் பக்கமே நின்னு, "தவசி"ன்னாரு.

"என்ன சாமி, இங்கேயும் உக்காரக் கூடாதா? இதுக்கு மேல தள்ளிப் போனா ஆத்துக்குள்ளதான் போகணும்."

"ஆத்துக்குள்ளதான் போகணும் தவசி. செண்பகத்துக்கு வலி எடுத்துடுச்சு. சிலம்பாயியைக் கூட்டிட்டு வரணும்."

தவசி உடனே எழுந்தான். வேட்டியை மடிச்சுக் கட்டினான். "வாத்தைப் பாத்துக்கங்க"ன்னான். சளக் சளக் சளக்னு முழங்கால் தண்ணியில இறங்கி அக்கரைக்கு ஓடிட்டான். வாத்தெல்லாம் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துடுச்சு, பூசாரி இடுப்புல பட்டுத் துண்டைக் கட்டிக்கிட்டு நாப்பது வாத்துக்கு நடுவுல நிக்கிறாரு!

– குவாக் குவாக்.

ஆமா, அவரைச் சுத்தி ஒரே குவாக் குவாக். அப்போ மேற்கால மலைமேல கருகருன்னு மேகம். கோடை மழை. டம டம டமார்! இங்க ஒரு சொட்டு இல்ல, அங்க கொட்டித் தீர்த்துடுச்சு. தவசி சிலம்பாயியைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்தா, முழங்கால் ஆறு இப்போ ஹோ...ன்னு ரெண்டு ஆள் ஆழத்துக்குப் போகுது.

சிலம்பாயி நல்ல கனத்த சரீரம். தவசி கேட்டான், "ஆத்தா, நீந்தத் தெரியுமா?"

"எனக்குப் புள்ளையைத் திருப்பத் தெரியும். நீந்தத் தெரியாது."

இக்கரையில ஊரே கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நிக்குது. அக்கரையில ரெண்டு பேர். நடுவுல ஆறு. வீட்டுக்குள்ள செண்பகம் கத்துற கத்து ஆத்துச் சத்தத்தையும் தாண்டிக் கேக்குது.

வீரணன் சொன்னான், "பொங்கல் வைக்கிற பெரிய அண்டா இருக்கே, அது மிதக்கும். ஆத்தாவை அதுல உக்கார வச்சு இழுத்துடலாம். ஆனா அம்புட்டு நீளத்துக்கு, அம்புட்டு கனத்துக்கு, தாங்குற கயிறு..."

எல்லாரும் திரும்பித் தேரைப் பாத்தாங்க. தேருக்கு முன்னாடி சுருட்டி வச்சிருக்கு, மலைப்பாம்பு கணக்கா ஒரு வடம்.

பூசாரி குறுக்க வந்து நின்னாரு. "வடம் அம்மனுக்கு உள்ளது. எல்லைக்கு வெளியே போகலாமா, கூடாதா? எனக்குத் தெரியலையே. பூப்போட்டுக் கேட்டுடறேன். செவப்புப் பூவா வெள்ளைப் பூவா, அவளே சொல்லட்டும்." பூவை இலையில பொதிஞ்சு கட்டுறதுக்கு நூல்கண்டை எடுத்துட்டாரு.

அவர் பொண்டாட்டி பேச்சியம்மா வீட்டுக்குள்ள இருந்து ஓடி வந்தா. "எம்மவ அங்க துடிக்கிறா. பூவை அப்புறம் கேட்டுக்கலாம், நூலைக் குடுங்க, அக்கரைக்கு விடணும்!"

பூசாரி ஒரு நிமிஷம் கோயில் பக்கம் திரும்பினாரு. "தாயே, தப்புன்னா என்னைக் கேளு, ஊரைக் கேக்காத"ன்னாரு. நூல்கண்டை அவ கையில குடுத்துட்டு, அவரே போய் வடத்தைத் தோள்ல தூக்கினாரு. தூங்கிட்டியா?

– இல்ல. ம். வடத்தை எப்படி அக்கரைக்குக் கொண்டு போவாங்க?

அதானே! முதல்ல வீரணன் நூல்ல ஒரு கல்லைக் கட்டி, ஹூம்னு மூச்சைப் பிடிச்சு வீசினான். தொபுக்! நடு ஆத்துல விழுந்துச்சு.

அப்போ அக்கரையில இருந்து தவசி கத்துறான், "கொண்டைக்காரி! கொண்டைக்காரியை விடுங்க!" கொண்டைக்காரிங்கிறது அவனோட வாத்துல மூத்தது. தலையில ஒரு கொண்டை. அவன் கூப்பிட்டா எங்க இருந்தாலும் வந்துடும். சரின்னு நாட்டாமை ஒரு கிணத்துக் கயித்தைக் கொண்டாந்து அது மேல கட்டினாரு. கனம் தாங்காம, 'குவாக்'னு ஒரு சத்தம் குடுத்துட்டு அப்படியே உக்காந்துடுச்சு.

மூணாவது தடவை, பேச்சியம்மா பூக்கட்டுற நூலை அது கால்ல பதமாக் கட்டினா. தவசி அங்க இருந்து, "ப்பா ப்பா ப்பா ப்பா"ன்னான். கொண்டைக்காரி தண்ணியில இறங்குச்சு. சொய்ங்! வெள்ளம் அதை இழுக்குது, அது எதுத்து நீந்துது. கண்டு கடகடன்னு உருளுது. அதைப் பாத்து மிச்சம் முப்பத்தொம்பதும் குவாக் குவாக்னு இறங்கிடுச்சு!

– போய்ச் சேந்துச்சா?

சேந்துச்சு. அப்புறம் நூல்ல கிணத்துக் கயித்தைக் கட்டி விட்டாங்க. தவசி நூலை இழுக்க, கயிறு போச்சு. கயித்துல அண்டாவைக் கட்டி, அண்டாவோட காதுல வடத்தைக் கட்டி விட்டாங்க. தவசியும் சிலம்பாயியும் கயித்தை இழுக்க, அண்டா ஆடி ஆடிப் போச்சு, வடம் பின்னாடியே நீந்திப் போச்சு. அப்புறம் சிலம்பாயி அண்டாவுல ஏறி உக்காந்தா. தவசி அண்டாவோட இன்னொரு காதைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியில இறங்கினான்.

இக்கரையில வடத்தோட இன்னொரு முனை. ஊரே பிடிச்சிருக்கு. ஆனா பதட்டத்துல ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறாங்க. நாட்டாமை இழுக்கும்போது வீரணன் விடுறான், வீரணன் இழுக்கும்போது மத்தவன் விடுறான். அண்டா கிறுகிறு கிறுகிறுன்னு சுத்துது. சிலம்பாயி உள்ள இருந்து, "அடேய்! நான் பிரசவம் பாக்க வந்தேனா, ராட்டினம் சுத்த வந்தேனா!"ங்கிறா.

அப்போ தண்ணிக்குள்ள இருந்து தவசி கத்தினான். "வருஷா வருஷம் தேர் இழுக்கிறீங்கல்ல! அந்த மாதிரி இழுங்கய்யா!" கத்திட்டு அவனே எடுத்துக் குடுத்தான்.

"தோளைக் குடு..."

ஊரே வாயைப் பொளந்து நின்னுச்சு. அப்புறம் தானா வாயில வந்துடுச்சு. "ஏலேலோ!"

"துணைக்கு வா..."

"ஏலேலோ!"

"தாயே வா..."

"ஏலேலோ!"

– அவருக்கு எப்படி அத்தை அந்தப் பாட்டு தெரியும்?

அத்தனை வருஷமா கல்லுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தானே. ஒரு வரி விடாமத் தெரியும் அவனுக்கு.

ஒவ்வொரு ஏலேலோவுக்கும் நூறு கை ஒண்ணா இழுத்துச்சு. சுத்துறது நின்னுச்சு. அண்டா நேரா வருது, ஆத்தைக் கிழிச்சுக்கிட்டு வருது, பின்னாடியே நாப்பது வாத்து வருது! கரைக்கு வந்து ணங்குன்னு முட்டுச்சு. சிலம்பாயி இறங்கினா. தலை சுத்துது, நிக்கல. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஒரே ஓட்டம்.

எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. உள்ள சத்தமே இல்ல. பூசாரி கண்ணை மூடி முத்தாலம்மனைக் கூப்பிடுறாரு. தவசி கண்ணைத் தொறந்துக்கிட்டு, நனைஞ்ச கோழி மாதிரி வெடவெடன்னு நடுங்குறான். அப்போ உள்ள இருந்து...

– குவா குவா!

ம்! "குவா குவா"ன்னு ஒரு சத்தம். உடனே வாசல்ல நாப்பது வாத்தும் சேந்து, "குவாக் குவாக் குவாக்!" புள்ளைக்குப் பதில் சொல்லுதாம். பொம்பளைப் புள்ளை. தாயும் புள்ளையும் சுகம்.

பூசாரி அழுதுக்கிட்டே சிரிச்சாரு. அந்த நூல்கண்டுல மிச்சம் இருந்ததை எடுத்தாரு, மஞ்சள் தேச்சாரு, தவசிகிட்ட வந்தாரு. "கையை நீட்டுடா. இத்தனை வருஷம் உன்னை வெளியே உக்கார வச்சேன். என் கையாலே உனக்குக் காப்பு கட்டுறேன்."

தவசி கையை நீட்டல. "வேணாம் சாமி."

"இன்னுமாடா?"

"எல்லாரும் கட்டிக்கிட்டா, அடுத்த தடவை யாரு போறது?"

பூசாரி தவசியோட வெறுங்கையைப் பாத்தாரு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, வயிறு குலுங்க ஒரு சிரிப்பு. அந்த மஞ்சக் கயித்தைக் கொண்டாந்து கொண்டைக்காரி கழுத்துல கட்டிவிட்டாரு.

மறுநாள் தேர். தவசி ஊருக்குள்ளதான் இருந்தான். தேர் கிளம்புது, எல்லாரும் வடத்தைப் பிடிச்சிருக்காங்க. அவன் ஓரமா நின்னு பாத்தான், பாத்தான், பொறுக்க முடியல. வந்து வடத்தோட முன் வரிசையில கையைப் போட்டான். நாட்டாமை, "என்ன தவசி, சாமி வந்துடுச்சா?"ன்னு கேலி பண்ணினாரு.

"சாமி எங்க வந்துச்சு? நேத்துப் பாத்தேன்ல, நான் சொல்லாட்டி நீங்க ஒழுங்கா இழுக்க மாட்டேங்கிறீங்க."

ஊரே சிரிச்சுச்சு. தேருக்கு முன்னாடி நாப்பது வாத்து நடந்துச்சு. அதுல இருந்து அந்த ஊர்ல ஒரு வழக்கம். காப்பு கட்டும்போது ஒரே ஒரு கையை மட்டும் வெறுங்கையா விட்டுடுவாங்க. ஊருக்கு ஒரு அவசரம்னா அந்தக் கை போகும். அந்தக் கை போனா அதைத் திருப்பி இழுத்துக்கிட்டு வர்றதுக்கு நூறு கை இங்க நிக்கும்.

– முத்தாலம்மனுக்குக் கோவம் வரலையா? அவளோட வடத்தை எடுத்தாங்களே...

தேர்ல அவ சிரிச்சுக்கிட்டே வந்தா. "அது எப்பவும் இருக்கிற சிரிப்புதானே சாமி"ன்னான் தவசி. "இல்லடா, இன்னிக்குக் கொஞ்சம் கூட"ன்னாரு பூசாரி. ரெண்டு பேரும் அதைப் பத்தி இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, ஒரே இலையில அவல் தின்னுக்கிட்டு.

– ம்... அத்தை.

ம்?

– தவசி நல்லவரு.

ஆமா.

– பூசாரியும் நல்லவரு.

ஆமா, கொஞ்சம் லேட்டு.

– நாளைக்குத் தர்ஷினி கேட்டா... எங்கப்பா கை...

என்ன உங்கப்பன் கை? கண்ணைத் தொறக்காமலே சொல்லு பாப்போம், இவ்வளவு நேரமா உன் தலைக்குக் கீழ தலகாணியா இருக்கிறது எது?

– ...அப்பா கை.

அசைச்சா நீ முழிச்சுடுவியோன்னு, மரத்துப் போன கையை எடுக்காமத் தூங்குறான் பாரு. தேர் நிலைக்கு வந்தாச்சு, கதையும் நிலைக்கு வந்தாச்சு. வாத்தெல்லாம் பட்டிக்குள்ள போயாச்சு. நீயும் கண்ணை மூடு, கண்ணு. ம் போதும். இனிமே ம் வேணாம்.