விகடகவி விட்டுவிட்ட வீடு

முன்னொரு காலத்தில், மதிலும் அகழியும் சூழ்ந்த தலைநகரம் ஒன்றை ஓர் அரசன் ஆண்டு வந்தான். அயல்நாட்டுத் தூதர் வரப்போவதாகச் சேதி வந்ததும் அவன் உப்பரிகையில் ஏறி ஊரைப் பார்த்தான். மாளிகைகளுக்குப் பின்னால், மதிலோரம் நெடுகக் கீற்றுக் குடிசைகள். முகம் சுளித்தான்.

"தூதர் வரும் நாளில் இந்தக் கோட்டைக்குள் கீற்றுக் கூரையின்கீழ் ஒருவரும் குடியிருக்கக் கூடாது!" என்று ஆணையிட்டான்.

விகடகவி வேம்பனைக் கண்டாலே தண்டநாயகர் செங்கண்ணருக்கு வயிறு எரியும். "பெருமானே, இப்பணிக்கு வேம்பனாரே தகுந்தவர்" என்றார். குடிசைக்காரர்களைத் துரத்தினால் ஊர் காறித் துப்பும். துரத்தாவிட்டால் தலை போகும். வேம்பனுக்கு அது புரியாமல் இல்லை.

"ஆணைப்படியே, அரசே! முத்திரை மோதிரத்தை மட்டும் தந்தருள வேண்டும்" என்று வாங்கிக்கொண்டான்.

தூதர் வரும் நாள் விடிந்தது. குடிசை ஒன்றுகூட இடிபடவில்லை. வேம்பன் ஓலையில் எழுதிய பட்டியலோடு வந்து, மோதிரத்தைக் காட்டி, குடும்பம் குடும்பமாக மாளிகைகளுக்குள் குடியேற்றினான். செங்கண்ணர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர், அறைகள் முப்பது. அங்கே ஒன்பது குடும்பங்கள் உலை வைத்தன.

பிரபுக்கள் அலறிக்கொண்டு சபைக்கு ஓடினார்கள். "என்ன இது, வேம்பரே?" என்றான் அரசன்.

"கீற்றுக் கூரையின்கீழ் இன்று ஒருவரும் இல்லை, அரசே. எல்லாரும் ஓட்டுக் கூரையின்கீழ் சுகமாக இருக்கிறார்கள். ஊரை விட்டு அனுப்பும்படி தாங்கள் ஆணையிடவில்லையே!"

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "குடிசைகளுக்கு ஓடு வேய்ந்து முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டான்.

அப்போது காவலன் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். தலையில் மூட்டை. சுண்ணாம்பு வேலை செய்யும் பேச்சாயி. அவள் வேம்பனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாமி, எங்க நாலு குடும்பத்துக்கு எடம் கெடைக்கல. தெருவுல நிக்கிறோம். உங்க வீட்டுல இருந்துக்கலாமா? போன மாசம் நான்தான் வெள்ளையடிச்சேன். பன்னெண்டு அறை. ஒண்ணுலதான் படுக்கை கெடந்துச்சு."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே இடம்தான் கேட்டாள்.

பட்டியல் எழுதும்போது வேம்பன் தன் வீட்டை மறக்கவில்லை. வெள்ளையடித்த புதுச் சுவரில் கரி படியுமே என்று ஒரு கணம் எழுத்தாணியை நிறுத்தினான். பிறகு அடுத்த வீட்டை எழுதினான்.

முதலில் செங்கண்ணர் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. அரசனும் சிரித்தான்.

"பதில் சொல்லும், வேம்பரே!"

"பதில் இல்லை, அரசே."

வாழ்நாளில் அவன் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. மாலையைக் கழற்றப் போனான்.

"கழற்றாதீர். உம்முடைய தந்திரத்துக்குத் தந்தது அது. போய்க் கதவைத் திறவும்" என்றான் அரசன்.

தெரு முழுக்கத் தலை குனிந்தபடி பேச்சாயியின் பின்னால் நடந்தான் வேம்பன். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வோர் அறையாகத் தானே திறந்துவிட்டான். கூடத்தில் மூன்று கற்களைக் கூட்டிய பேச்சாயி, "இங்க அடுப்பு வச்சா செவுரு கறுத்துடுமே, சாமி?" என்று தயங்கினாள்.

அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"வை, தாயி" என்றான்.